‘பழசு’ என்றால் எப்போதைய பழசு? ட்ரிக்கர் ஓடும்போது நிலை மாற்றங்களைப் பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் ட்ரிக்கர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் சின்ன நிரல்) எழுதுகிறவர்களின் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் வேறு மாதிரித் தெரியும். கிளறிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே இடத்தில் போய் நிற்கும்: பழைய மதிப்பு என்று நாம் சொல்வது எந்த நேரத்துப் பழசு? அந்த வரிசை மாறுவதற்கு முன்பா, கட்டளை தொடங்குவதற்கு முன்பா, பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக நடத்தும் டிரான்சாக்‌ஷன் தொடங்குவதற்கு முன்பா? இதையே திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் புழங்குவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். மற்றவை (ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்) வேறுபடும் இடங்களில் பெயரோடு சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கிடங்கின் ‘இருப்பு’ டேபிள். அதில் ஒரு வரிசை: பொன்னி அரிசி, 120 மூட்டை. இருப்பு 100-க்குக் கீழே இறங்கினால் கொள்முதல் ஆர்டர் ஒன்று எழுத வேண்டும். இந்த அரிசிதான் கடைசிவரை வரும்.

ஆக்டிவ் டேட்டாபேஸ் என்கிறார்களே, அது ட்ரிக்கருக்கு இன்னொரு பெயரா?

கிட்டத்தட்ட. நாம் கேட்டால் மட்டும் பதில் சொல்லாமல், தனக்குள் நடப்பதைப் பார்த்துத் தானாக ஒரு வேலையைச் செய்யும் டேட்டாபேஸ் என்பது பொருள். விதிக்கு மூன்று பாகம்: நிகழ்வு, நிபந்தனை, செயல். இருப்பு டேபிளில் அப்டேட் நடந்தது நிகழ்வு. 100-க்குக் கீழே போனதா என்பது நிபந்தனை. ஆர்டர் எழுதுவது செயல். இந்த மூன்று பாகப் பிரிப்பு 1980-களின் பிற்பகுதியில் ஹைபேக் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பரவியது. விற்பனையில் இருந்த டேட்டாபேஸ்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாக ட்ரிக்கர் வைத்திருந்தன. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலைக்குள் அது நுழைந்தது 1999 பதிப்பில்தான். ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ட்ரிக்கர் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

ட்ரிக்கருக்குக் கிடைக்கும் ஓல்ட் (மாறுவதற்கு முந்தைய வரிசை), நியூ (மாறிய வரிசை) இரண்டும் எங்கிருந்து வருகின்றன? டேபிளில் இரண்டு பிரதி இருக்குமா?

போஸ்ட்கிரெஸில் ஏறக்குறைய அப்படித்தான். அப்டேட் செய்தால் பழைய வரிசையின் மேல் எழுதுவதில்லை. புதிய பதிப்பு ஒன்றை எழுதிவிட்டு, பழையதைக் காலாவதி என்று குறித்து வைக்கும். அதைப் பிறகு வேக்கூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டும். ஆரக்கிள் பழையதை அன்டூ பகுதியில் வைத்திருக்கும். எஸ்கியூஎல் சர்வரில் இன்சர்டட், டெலீடட் என்ற இரண்டு தற்காலிக டேபிள்கள் கிடைக்கும். 2005 பதிப்பிலிருந்து அவை டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் உள்ள பதிப்புக் கிடங்கிலிருந்து வருகின்றன.

இன்சர்ட்டுக்கு ஓல்ட் கிடையாது, டெலீட்டுக்கு நியூ கிடையாது. அப்டேட்டுக்கு இரண்டும் உண்டு.

பதிவேட்டில் மாற்றத்தை எழுத பிஃபோர் ட்ரிக்கர் (மாற்றத்துக்கு முன் ஓடுவது) போதுமா, ஆஃப்டர்தான் (மாற்றத்துக்குப் பின் ஓடுவது) வேண்டுமா?

ஆஃப்டர். பிஃபோர் ஓடும்போது நியூ இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்குப் பின்னால் இன்னொரு பிஃபோர் ட்ரிக்கர் இருந்து, அது மூட்டை எண்ணிக்கையைத் திருத்தலாம். அல்லது நல் (மதிப்பே இல்லை என்ற குறி) திருப்பி அனுப்பி அந்த வரிசையின் மாற்றத்தையே நிறுத்திவிடலாம். நீங்கள் பதிவேட்டில் எழுதியதோ நடக்காத ஒரு மாற்றம். போஸ்ட்கிரெஸில் சேமிக்கப்படும் ஜெனரேட்டட் (மற்ற புலங்களிலிருந்து கணக்கிடப்படும்) புலங்களும் பிஃபோர் ட்ரிக்கர்கள் முடிந்த பிறகுதான் கணக்கிடப்படுகின்றன.

வரிசைக்குள் போகும் மதிப்பைத் திருத்த பிஃபோர், நடந்ததைக் குறித்துக்கொள்ள ஆஃப்டர். இதற்கு விதிவிலக்கு தேடி நான் அலைந்ததில்லை.

ஒரே அப்டேட்டில் 500 வரிசை மாறுகிறது. ட்ரிக்கர் 500 தடவை ஓடுமா?

எப்படி அறிவித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வரிசைக்கு ஒருமுறை என்றால் 500 தடவை. கட்டளைக்கு ஒருமுறை என்றால் ஒரே தடவை, அதுவும் ஒரு வரிசைகூட மாறாவிட்டாலும் ஓடும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டிலும் வரிசை ட்ரிக்கர் மட்டும்தான் உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் நேர் எதிர்: கட்டளைக்கு ஒருமுறை மட்டுமே.

எஸ்கியூஎல் சர்வரில் நான் அடிக்கடி திருத்தும் பிழை இங்கிருந்து வருகிறது. இன்சர்டட் டேபிளில் ஒரே வரிசைதான் இருக்கும் என்று நினைத்து, அதிலிருந்து மதிப்பை ஒரு வேரியபிளில் எடுத்து வைப்பார்கள். திரையில் ஒவ்வொரு பொருளாகத் திருத்தும்வரை சரியாக ஓடும். மாதக் கடைசியில் யாராவது மொத்தமாக ஒரு அப்டேட் போட்டால் 500-இல் ஏதோ ஒரு வரிசைக்கு மட்டும் வேலை நடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

மொத்த இருப்பு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். வரிசை ட்ரிக்கரில் கூட்டிக்கொண்டே போகலாமா?

போகலாம், ஆனால் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து (2017) டிரான்சிஷன் டேபிள் வசதி இருக்கிறது. ட்ரிக்கரை உருவாக்கும்போது ரெஃபரன்சிங் என்று சொல்லி ஓல்ட் டேபிள், நியூ டேபிள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டால், அந்தக் கட்டளை தொட்ட வரிசைகள் அனைத்தும் பழைய உருவத்தில் ஒன்றிலும் புதிய உருவத்தில் மற்றதிலும் கிடைக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் வேலை முடிந்தது.

மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஆஃப்டர் ட்ரிக்கரில் மட்டுமே கிடைக்கும். ஒரே ட்ரிக்கரில் இன்சர்ட், அப்டேட் என்று இரண்டு நிகழ்வுகளைச் சேர்க்க முடியாது. குறிப்பிட்ட புலம் அப்டேட் ஆனால் மட்டும் என்ற நிபந்தனையையும் கூடவே வைக்க முடியாது.

ஓல்ட் டேபிளில் உள்ள இந்த வரிசைக்கு நியூ டேபிளில் ஜோடி எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரைமரி கீயை (வரிசையை அடையாளம் காட்டும் புலம்) வைத்து இணைப்பதுதான் வழி. இரண்டும் இரண்டு தனிக் குவியல்கள். இது மாறித்தான் அது வந்தது என்ற தொடர்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது. எஸ்கியூஎல் சர்வரின் இன்சர்டட், டெலீடட் ஜோடிக்கும் இதே கதைதான்.

கீயையே மாற்றினால் ஜோடி அறுந்துவிடும். பொருள் எண் 7-ஐ 8 ஆகவும் 8-ஐ 7 ஆகவும் ஒரே கட்டளையில் மாற்றினால் இன்னும் மோசம், தப்பான ஜோடி சேரும். கீ மாறக்கூடிய டேபிள் என்றால் வரிசை ட்ரிக்கரையே வையுங்கள். அங்கே ஓல்டும் நியூவும் கைகோத்துத்தான் வரும். இல்லையென்றால் யாரும் தொடாத ஒரு எண்ணை அடையாளமாகச் சேர்த்துவிடுங்கள்.

மதிப்பு மாறவே இல்லை, ஆனாலும் ட்ரிக்கர் ஓடுகிறது. ஏன்?

மூட்டை எண்ணிக்கை அப்டேட் ஆனால் ஓடு என்று எழுதினால், டேட்டாபேஸ் அதை ‘கட்டளையின் செட் பகுதியில் அந்தப் புலத்தின் பெயர் இருந்தால் ஓடு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். 120-ஐ மறுபடி 120 ஆக்கினாலும் ஓடும். திரையில் உள்ள எல்லாப் புலங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பும் மென்பொருள்களில் இது தினமும் நடக்கும். எஸ்கியூஎல் சர்வரின் அப்டேட் ஃபங்ஷனும் இப்படித்தான். மறுபக்கமும் உண்டு: போஸ்ட்கிரெஸில் ஒரு பிஃபோர் ட்ரிக்கர் அந்தப் புலத்தை மாற்றியிருந்து, கட்டளையில் அதன் பெயர் இல்லையென்றால் உங்கள் ட்ரிக்கர் ஓடாது.

ஆகவே மதிப்பையே ஒப்பிடுங்கள். சாதாரண ‘சமமில்லை’ குறி போட்டால் நல் வரும் இடத்தில் ஏமாற்றும், ஏனென்றால் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை நல்தான். ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ என்று ஒப்பிட்டு, அதை ட்ரிக்கரை உருவாக்கும்போது எழுதும் வென் நிபந்தனையில் வையுங்கள். ஆஃப்டர் ட்ரிக்கரில் வென் பொய்யானால் அந்த நிகழ்வு காத்திருப்புப் பட்டியலிலேயே சேராது, நினைவகமும் மிச்சம். லட்சக்கணக்கில் வரிசைகளை ஏற்றும்போது ட்ரிக்கர் நிகழ்வுகளின் காத்திருப்புப் பட்டியல் நினைவகத்தை நிரப்பி முழு வேலையையும் கவிழ்ப்பது உண்டு.

ட்ரிக்கருக்குள்ளிருந்து அதே டேபிளை செலக்ட் செய்தால் என்ன தெரியும்?

போஸ்ட்கிரெஸில் மூன்று விதமாகத் தெரியும். கட்டளை மட்டத்து பிஃபோரில் எதுவும் மாறாத டேபிள். வரிசை மட்டத்து பிஃபோரில் பாதி மாறிய டேபிள்: உங்களுக்கு முன்னால் கையாளப்பட்ட வரிசைகள் மாறியிருக்கும், மற்றவை மாறியிருக்காது, எந்த வரிசை முதலில் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆஃப்டரில், வரிசை மட்டமானாலும், எல்லாம் மாறி முடிந்த டேபிள். ட்ரிக்கர் ஃபங்ஷனை ஸ்டேபிள் அல்லது இம்யூட்டபிள் (டேட்டாவை மாற்றாதவை) என்று அறிவித்திருந்தால் மட்டும் வெளிக்கட்டளையின் மாற்றங்கள் அதற்குத் தெரியாது.

அந்தப் பாதி மாறிய டேபிளைப் பார்த்து முடிவெடுக்கும் நிரல் அதிர்ஷ்டத்தில்தான் ஓடும். ஆரக்கிள் இதை அனுமதிப்பதே இல்லை. வரிசை ட்ரிக்கரிலிருந்து மாறிக்கொண்டிருக்கும் டேபிளைத் தொட்டால் ‘டேபிள் இஸ் மியூட்டேட்டிங்’ என்று ஓஆர்ஏ-04091 பிழை வரும். பலர் இதை ஆரக்கிளின் முரட்டுத்தனம் என்று திட்டுகிறார்கள். எனக்கு அது நல்ல காவல்காரனாகத்தான் படுகிறது. ஒரு சின்ன ஓட்டை: ஒற்றை வரிசையை வேல்யூஸ் கொடுத்து இன்சர்ட் செய்யும்போது பிஃபோர் ட்ரிக்கரில் இந்தப் பிழை வராது. சோதனையில் பாஸ் ஆகி, மொத்தமாக ஏற்றும் அன்று விழுவது இதனால்தான்.

ஆரக்கிளின் அந்த மியூட்டேட்டிங் பிழையைத் தவிர்க்க பேக்கேஜ் வேரியபிளில் (டேட்டாபேஸ் நிரல் தொகுப்பின் பொது வேரியபிள்) சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

பழைய வைத்தியம். வரிசை ட்ரிக்கரில் கீக்களை ஒரு பேக்கேஜ் வேரியபிளில் சேர்ப்பது, கட்டளை ட்ரிக்கரில் எடுத்து வேலை செய்வது. சிக்கல் என்னவென்றால் பேக்கேஜ் வேரியபிளின் ஆயுள் செஷன் (ஒருவர் இணைந்திருக்கும் நேரம்) முழுக்க. கட்டளை நடுவில் பிழையாகி டேட்டா திரும்பிப் போனாலும் வேரியபிளில் சேர்த்தது போகாது. அடுத்த கட்டளை முந்தைய எச்சிலையும் சேர்த்துத் தின்னும்.

ஆரக்கிள் 11ஜி-இல் வந்த காம்பவுண்ட் ட்ரிக்கர் இதற்குத்தான். கட்டளைக்கு முன், வரிசைக்கு முன், வரிசைக்குப் பின், கட்டளைக்குப் பின் என்ற நான்கு கட்டங்களும் ஒரே உடம்பில். நடுவில் பகிர்ந்துகொள்ளும் வேரியபிள் கட்டளையோடு பிறந்து கட்டளையோடு சாகும், பிழை வந்தாலும்.

ஒரு ட்ரிக்கர் அதே வரிசையை மறுபடி அப்டேட் செய்கிறது. அடுத்த ட்ரிக்கருக்கு வரும் நியூ எது, முதல் மாற்றமா, இரண்டாவதா?

முதல் மாற்றம். இருப்பு 120-லிருந்து 80 ஆனது. அ என்ற ஆஃப்டர் ட்ரிக்கர் ஏதோ காரணத்துக்காக அதை 75 ஆக்குகிறது. அந்த உள் அப்டேட்டுக்கென்று தனியாக ஓல்ட் 80, நியூ 75 உருவாகி, அதற்கான ட்ரிக்கர்கள் ஓடி முடியும். அப்புறம் வெளிக் கட்டளைக்குத் திரும்பி ஆ என்ற ட்ரிக்கர் ஓடும்போது அதன் கையில் இருப்பது ஓல்ட் 120, நியூ 80. டேபிளிலோ 75. டிரான்சிஷன் டேபிளும் இப்படியே: கட்டளை முடிந்த கணத்தில் எடுத்த படம் அது, பிறகு நடப்பது அதில் ஏறாது.

பிஃபோர் ட்ரிக்கர்களுக்குள் அப்படியில்லை. ஒன்று திருத்திய நியூ அடுத்ததின் கைக்கு அப்படியே போகும். ஆனால் பிஃபோருக்குள்ளிருந்து அதே வரிசைக்குத் தனியாக அப்டேட் கட்டளை போட்டால், இந்தக் கட்டளை கிளப்பிய வேலையே வரிசையை ஏற்கெனவே மாற்றிவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும்.

40 மூட்டை பில் போட்டு, அதே டிரான்சாக்‌ஷனில் ரத்தும் செய்தோம். இருப்பு பழையபடி 120. ஆனாலும் கொள்முதல் ஆர்டர் எழுதப்பட்டுவிட்டது. இது யார் தப்பு?

யார் தப்பும் இல்லை, ‘முன்பு’ என்பதன் அளவு தப்பு. நீங்கள் கேட்டது டிரான்சாக்‌ஷனின் முன், பின். ட்ரிக்கர் பார்த்தது கட்டளையின் முன், பின். 120-லிருந்து 80 ஆன கட்டளையைப் பார்த்து அது தன் வேலையைச் செய்தது.

ஆராய்ச்சி உலகில் இதற்கு நல்ல விடை ஒன்று இருந்தது. ஐபிஎம்மின் அல்மடன் ஆய்வகத்தில் உருவான ஸ்டார்பர்ஸ்ட் அமைப்புக்கு ஜெனிஃபர் விடமும் கூட்டாளிகளும் செய்த விதி முறையில், விதிகள் ஒவ்வொரு கட்டளைக்கும் பாய்வதில்லை. டிரான்சாக்‌ஷனின் முடிவில், அல்லது நாம் சொல்லும் இடத்தில், அதுவரை நடந்ததன் நிகர மாற்றத்தைப் பார்க்கும். போட்டு, திருத்தினால்: திருத்திய மதிப்போடு போட்டதாகக் கணக்கு. போட்டு, அழித்தால்: ஒன்றுமே நடக்கவில்லை. இருமுறை திருத்தினால்: முதல் பழசிலிருந்து கடைசிப் புதுசுக்கு ஒரே திருத்தம். திருத்தி, அழித்தால்: ஆதி மதிப்பு அழிந்தது.

அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் இன்னொன்று. விதிகளும் டேட்டாவை மாற்றுமே, அப்போது எங்கிருந்து எண்ணுவது? ஒவ்வொரு விதிக்கும் தனிக் கோடு. ஒரு விதி கடைசியாகப் பரிசீலிக்கப்பட்ட இடத்தில் அதன் கோடு விழும். அடுத்த முறை அந்தக் கோட்டிலிருந்து இதுவரையிலான நிகர மாற்றம் மட்டும் அதன் முன் வைக்கப்படும். இன்னும் பரிசீலிக்கப்படாத விதிக்குக் கோடு தொடக்கத்திலேயே நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு விதிகளின் ‘பழசு’ இரண்டு விதமாக இருக்கலாம், இரண்டும் சரி. முந்தைய பதிலில் ஆ ட்ரிக்கரின் கையில் நியூ 80 என்று காலாவதியான படம் இருந்ததே, ஸ்டார்பர்ஸ்டில் அதற்கு 120-லிருந்து 75 என்று வந்திருக்கும்.

சரி, அந்த நிகர மாற்றத்தை போஸ்ட்கிரெஸில் கொண்டுவர முடியுமா?

நேரடியாக இல்லை. கமிட் (எல்லாவற்றையும் உறுதிசெய்து முடிப்பது) வரை தள்ளிப்போடும் டெஃபர்ட் கன்ஸ்ட்ரெய்ண்ட் ட்ரிக்கர் இருக்கிறது, ஆனால் அது நிகழ்வுகளைச் சுருக்காது. இருமுறை அப்டேட் ஆனால் கமிட்டில் இருமுறை ஓடும், ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்து ஓல்ட், நியூவோடு. போட்டு அழித்த வரிசைக்கும் ஓடும். ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் புலம்) சரிபார்க்கும் உள் ட்ரிக்கரே இந்தக் காரணத்துக்காக, வரிசை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது.

நான் செய்வது இது. ‘முதல்நிலை’ என்று ஒரு சின்ன டேபிள். டிரான்சாக்‌ஷன் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து பிரைமரி கீ, கூடவே பழைய மூட்டை எண்ணிக்கை. இருப்பு டேபிளின் ஆஃப்டர் வரிசை ட்ரிக்கர் ஓல்ட் மதிப்பை அதில் போடும், மோதினால் ஒன்றும் செய்யாதே என்ற ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ நிபந்தனையோடு. ஆகவே முதல் பழசு மட்டும் தங்கும். டெஃபர்ட் ட்ரிக்கரை இருப்பின் மேல் வைக்காமல் முதல்நிலை டேபிளின் இன்சர்ட் மேல் வைக்க வேண்டும். மோதித் தவிர்க்கப்பட்ட இன்சர்ட்டுக்கு ஆஃப்டர் வரிசை ட்ரிக்கர் ஓடாது என்பதால், பொருளுக்கு ஒருமுறை மட்டும் கமிட்டில் ஓடும். அப்போது இருப்பில் இன்றைய மதிப்பைப் படித்து, 100 அல்லது அதற்கு மேலிருந்து கீழே இறங்கியதா என்று பார்த்து, ஆர்டரை எழுதி, முதல்நிலை வரிசையை அழித்துவிடும். நம் அரிசிக்கு முதல் பழசு 120, இப்போதும் 120, ஆர்டர் இல்லை.

ட்ரிக்கர் ட்ரிக்கரைக் கூப்பிட்டு முடிவில்லாமல் சுற்றினால்?

எந்த விதி எதைக் கிளப்பும் என்று அம்பு போட்டு ஒரு படம் வரையுங்கள். சுழல் இல்லையென்றால் நிச்சயம் நிற்கும். சுழல் இருந்தால் நிற்காது என்று பொருளில்லை. உண்மையில் மாற்றம் இருந்தால் மட்டும் எழுது என்ற நிபந்தனை பல சுழல்களை இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தும். எஸ்கியூஎல் சர்வர் 32 மட்டத்தில் வெட்டும். எஸ்கியூலைட்டில் இயல்பான வரம்பு 1000. போஸ்ட்கிரெஸில் தனி எண் இல்லை, ஸ்டாக் (அழைப்புகளுக்கான நினைவக அடுக்கு) நிரம்பும்வரை ஓடிப் பிழையாகும். மைஎஸ்கியூஎல்லில் கட்டளை பயன்படுத்தும் அதே டேபிளை ட்ரிக்கர் திருத்த முயன்றாலே 1442 பிழை.

ட்ரிக்கருக்குள் ட்ரிக்கர் எத்தனையாவது மட்டம் என்று சொல்லும் பிஜி_ட்ரிக்கர்_டெப்த் பார்த்து உள்மட்டம் என்றால் ஓடாதே என்று தடுப்பவர்கள் உண்டு. அது சுழலை நிறுத்தும். கூடவே வேறொரு ட்ரிக்கர் நியாயமாகச் செய்த மாற்றத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மதிப்பு ஒப்பீடு இருக்கும்போது இது எதற்கு?

ஒரே நிகழ்வுக்கு இரண்டு ட்ரிக்கர். எது முதலில்?

போஸ்ட்கிரெஸில் பெயரின் அகர வரிசைப்படி. ஆரக்கிள் 11ஜி, மைஎஸ்கியூஎல் 5.7 முதல் ஃபாலோஸ் (இன்னதற்குப் பிறகு ஓடு) என்று சொல்லலாம். எஸ்கியூஎல் சர்வரில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் குறிக்கலாம்.

கட்டளை தோற்றால் பதிவேட்டில் எழுதியதும் காணாமல் போகிறது. முயற்சி நடந்ததாவது தெரிய வேண்டாமா?

ட்ரிக்கர் செய்வதும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள்தான், ஆகவே ரோல்பேக்கில் (அதை ரத்து செய்யும்போது) எல்லாம் சேர்ந்தே போகும். ஆரக்கிளில் அட்டானமஸ் (தனித்து இயங்கும்) டிரான்சாக்‌ஷன் வைத்துத் தனியாக கமிட் செய்யலாம். ஆனால் அதில் எழுதியது முயற்சிக்குச் சாட்சி, நடந்ததற்கு அல்ல.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. ஆரம்பக் காலத்தில் நான் ட்ரிக்கருக்குள்ளிருந்தே சப்ளையருக்கு மெயில் போகும்படி எழுதிவைத்தேன். டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனது, மெயில் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து யாரும் கேட்காத அரிசி லாரியில் வந்து இறங்கியது. போதாததற்கு ஆரக்கிளில், வேறொருவர் நடுவில் வரிசையை மாற்றிவிட்டால் கட்டளை உள்ளுக்குள் மறுபடி தொடங்கும், பிஃபோர் ட்ரிக்கர் ஒரே வரிசைக்கு இருமுறை ஓடலாம். வெளியுலக வேலையை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். கமிட் ஆனதை வேறொரு புரோகிராம் எடுத்து அனுப்பட்டும்.

பதிவேட்டில் எல்லா வரிசைக்கும் ஒரே நேரம் விழுகிறது. எது முதலில் நடந்தது?

போஸ்ட்கிரெஸின் நவ் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். ஓடும் கடிகாரம் வேண்டுமென்றால் கிளாக்_டைம்ஸ்டாம்ப். ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வரிசைக்கிரமத்துக்கு நான் நேரத்தை நம்புவதில்லை, ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணை வைக்கிறேன்.

டேட்டா போய்விட்டது, ஆனால் டெலீட் ட்ரிக்கர் ஓடவே இல்லை. எப்படி?

பெரும்பாலும் டிரங்கேட் (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை). அது டெலீட் ட்ரிக்கரைக் கிளப்பாது. போஸ்ட்கிரெஸில் டிரங்கேட்டுக்கென்று கட்டளை மட்டத்து ட்ரிக்கர் தனியாக வைக்கலாம், வரிசை விவரம் மட்டும் கிடைக்காது. அடுத்த சந்தேகம் ஃபாரின் கீயின் கேஸ்கேட் (தாய் வரிசை அழிந்தால் பிள்ளை வரிசைகளையும் அழிப்பது). போஸ்ட்கிரெஸில் அது பிள்ளை டேபிளின் ட்ரிக்கர்களை முறையாகக் கிளப்பும். மைஎஸ்கியூஎல் 5.7, 8.0 பதிப்புகளில் கேஸ்கேடால் அழியும் வரிசைகளுக்கு ட்ரிக்கர் ஓடாது.

இவ்வளவு தலைவலி எதற்கு? மாற்றங்கள் எல்லாம் எழுதப்படும் டிரான்சாக்‌ஷன் லாக்கைப் படித்தாலே மாற்றம் எல்லாம் கிடைக்குமே?

கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் 9.4 முதல் லாஜிக்கல் டீகோடிங் (லாக்கை வரிசை மாற்றங்களாகப் பிரித்துத் தருவது) இருக்கிறது. ரோல்பேக் ஆனவை பயன்படுத்துபவரின் கைக்கு மாற்றமாக வந்து சேராது, எழுதும் கட்டளையும் ட்ரிக்கரால் மெதுவாகாது. பதிவேடு, வேறு டேட்டாபேஸுக்கு நகல் அனுப்புவது போன்றவற்றுக்கு நானும் அதையே சொல்வேன். கவனிக்க வேண்டியது ஓல்ட்: பழைய வரிசையில் எதை லாக்கில் எழுதுவது என்று சொல்லும் ரெப்ளிகா ஐடென்டிட்டி அமைப்பு இயல்பாக இருந்தால் பழைய வரிசையின் கீ மட்டும்தான் வரும், அப்டேட்டில் அதுவும் கீ மாறினால்தான். பழைய மூட்டை எண்ணிக்கை வேண்டுமென்றால் அதை ஃபுல் ஆக்க வேண்டும், லாக் பெருக்கும்.

ஆனால் லாக் நடந்து முடிந்த பிறகுதான் பேசும். இருப்பு மைனஸில் போகக் கூடாது என்று தடுக்கவோ, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஆர்டர் எழுதவோ அதனால் ஆகாது. அதற்கு மேலே சொன்ன முதல்நிலை டேபிள்தான். நிகர மாற்றத்தையும் லாக் உங்களுக்காகக் கணக்குப் போட்டுத் தராது. 120-லிருந்து 80, 80-லிருந்து 120 என்று இரண்டு மாற்றமாகவே வரும், கழித்துப் பார்ப்பது உங்கள் வேலை.